மரத்தில் கட்டாத வடம்

எங்கள் காலனிக்காரர்களின் கைக்கு எந்த முடிச்சும் அவிழும் என்பது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரியில் தார்ப்பாய்க் கயிறு மழையில் நனைந்து இறுகிப்போனால் டிரைவர் கத்தியைத் தேடமாட்டார். "கருக்கந்துறைக் காலனியில இருந்து யாராச்சும் ஒருத்தரக் கூட்டியாங்க" என்பார். நாங்கள் முடிச்சைப் பார்க்கக்கூட மாட்டோம். விரல் தானாகப் போய் நுனியைத் தேடும். ஒரு தள்ளு, ஒரு சுண்டு, அவ்வளவுதான். கல்யாண வீடுகளில் இதை வைத்து எங்களை ஓட்டாத ஆளில்லை. தாலி கட்டுகிற நேரத்தில் "சட்டி கவுத்தவங்கெல்லாம் ரெண்டடி தள்ளி நில்லுங்கப்பா" என்று யாராவது கத்துவார், பந்தலே சிரிக்கும். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

சட்டி கவிழ்ப்பதுதான் என் வேலை. சமுதாயக் கூடத்தின் பின்னறையில் ஒரு இயந்திரம், இரண்டு நாற்காலி, இரண்டு தலைக்கவசம். கவசம் பார்ப்பதற்குக் கவிழ்த்த சோற்றுச் சட்டி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு நாற்காலியில் நினைவு உள்ளவர் உட்காருவார், இன்னொன்றில் அதை வாங்குகிறவர். எழுந்திருக்கும்போது, வாங்கியவருக்குத் தன் வாழ்நாளில் நடக்காத ஒன்று நடந்ததாகிவிடும். பட்டணத்தில் வசதியானவர்கள் இதை வைத்து யாரோ பார்த்த பனிமலையையும் யாரோ அனுபவித்த காதலையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு வாங்கிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஆடி மாதம். காவிரியில் இரு கரையும் தொட்டு வெள்ளம். மஞ்சள் காட்டில் கூலி உயர்த்திக் கேட்டார்கள் என்று எங்கள் ஆட்களை அடிக்க அரிவாளும் தீப்பந்தமுமாக நிலக்காரர்களின் ஆட்கள் வந்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் ஓட முடியாதவர்களையும் பரிசலில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பினார்கள். வெள்ளத்துக்குப் பயந்து, பரிசலில் கட்டிய நீளமான வடத்தின் மறுநுனியைக் கரையிலிருந்த மருதமரத்தில் கட்டியிருந்தார்கள். நடு ஆற்றில் பரிசல் இருக்கும்போது வடம் போய்விட்டது. ஒருவரும் கரை சேரவில்லை. அரசாங்கக் காகிதத்தில் அது பரிசல் விபத்து. வழக்கும் அப்படியே முடிந்தது.

கரையில் நின்று பார்த்த ஒரே ஆள் பரிசல்காரர் பொன்னான். பரிசலைத் தள்ளிக்கொண்டு போனது அவர் தம்பி. வந்தவர்கள் வடத்தை வெட்டிவிட்டார்கள், பொன்னான் பாய்ந்து அதைப் பிடித்தார், ஒற்றை ஆளால் பிடித்து நிறுத்த முடியவில்லை. நாங்கள் கேட்டு வளர்ந்த கதை இதுதான். இயந்திரம் எங்கள் ஊருக்கு வந்தபோது பொன்னான் தொண்டு கிழம். அவர் தலையிலிருந்து நேராக வாங்கிய முதல் சிலரில் நானும் ஒருத்தி. அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த நினைவு, வடம் ஓடுகிற இடத்தில் தொடங்கும். இருட்டு, தண்ணீர்ச் சத்தம், இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வடம் ஓடி ஓடித் தோல் உரியும். ஆற்றுக்குள்ளிருந்து ஆட்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பொன்னானின் பெயரைத்தான். ஆனால் வாங்கியவருக்கு அது தன் பெயராகத்தான் கேட்கும். பிறகு வடம் லேசாகிவிடும். அந்த லேசை நான் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதை வாங்கி எழுந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அழுதிருக்கிறார்கள்.

அதற்கு ஒரு நாளும் வைத்திருந்தோம், வடம் நாள். பதினெட்டாம் பெருக்குக்கு ஊர்க்காரர்கள் ஆற்றுக்கு வந்து போன மறுவாரம் நாங்கள் போவோம். புது வடம் ஒன்றை ஆற்றில் விட்டு, போனவர்களின் பெயர் பொறித்த கல்லுக்குப் பக்கத்தில் கரையில் வரிசையாக நின்று எல்லோரும் சேர்ந்து இழுப்போம். அன்றைக்கு ஒரு ஆளால் முடியாததை இத்தனை பேர் சேர்ந்து செய்வதாக அர்த்தம். அதில் பொன்னான் வைத்துவிட்டுப் போன கட்டுப்பாடு ஒன்று உண்டு. வடத்தை மரத்தில் கட்டக் கூடாது, கையில்தான் பிடிக்க வேண்டும். வரிசையில் முதல் ஆளாக எப்போதும் அவர் ஒரே மகள் முத்தாயி அத்தை நிற்பார்.

இந்த வருடம் என் மகள் அஞ்சலைக்குப் பதினெட்டு வயது. பரிசலில் போன ஒரு பெண்ணின் பெயர் அது. என் வீட்டுக்காரரின் வழியில் அத்தை முறை. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் வாயில் நுழையாத புதுப் பெயர் வைத்திருக்க, இவள் மட்டும் அஞ்சலை. அதற்காக என்னிடம் சண்டை பிடித்த காலம் உண்டு. இப்போது பெருமை. வடம் நாள் முடிந்ததும் அவள் சட்டி கவிழ்த்துக்கொள்வதாக ஏற்பாடு. நான்தான் கொடுப்பதாக இருந்தது.

"அம்மா, இத ஒரு பெட்டில போட்டு வெச்சுக்கிட்டா என்ன? எதுக்கு ஆளுக்கு ஆளு மாத்திக்கிட்டே இருக்கோணும்?" என்று கேட்டாள், நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது.

"பெட்டில படம் நிக்கும் கண்ணு, வலி நிக்காது. தலையில இருந்து தலைக்குப் போனாத்தான் உசுரோட போவும்."

"அப்ப முடிச்சு அவுக்கறது எங்கிருந்து வந்துச்சு? அந்த நெனப்புல முடிச்சே இல்லீன்னு நீதான சொன்ன?"

"நாத்தப் புடுங்குனா வேர்ல மண்ணு ஒட்டிக்கிட்டு வர்றதில்லையா? அந்த மாதிரி. படத்த எங்கிருந்து எதுவரைக்கும் குடுக்கறதுன்னு வெட்டிக்கலாம். கைப்பழக்கத்த வெட்ட முடியாது. பொன்னான் தாத்தன் பரிசக்காரரு. நாளெல்லாம் முடிச்சுப் போட்டு அவுத்த கையி."

"போடறதும் வந்திருக்கோணுமே அப்ப? உங்க எல்லாருக்கும் அவுக்க மட்டுந்தான தெரியுது?"

பதினெட்டு வயதுக்குக் கேள்வி கேட்பதில் கூச்சம் கிடையாது. எனக்கோ அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்தது. "போயி கொத்தமல்லி ஆஞ்சு குடு" என்று அனுப்பிவிட்டேன்.

இந்த வருடம் வடத்தைச் சும்மா இழுத்தால் போதாது என்று ஆரம்பித்ததும் அவள்தான். பரிசலில் போய், நடு ஆற்றில் போனவர்களின் பெயரைச் சொல்லி விளக்கு விட வேண்டும் என்றாள். அவள் சோட்டு வயதுப் பிள்ளைகள் எல்லாம் கூடச் சேர்ந்துகொண்டார்கள். அந்த நாளுக்குப் பிறகு எங்கள் காலனியில் யாரும் பரிசலில் கால் வைத்ததில்லை. ஆற்றோட்டத்தில் கீழே சற்றுத் தூரத்தில், ஆற்றை மறித்து நிற்கும் கதவணை. அங்கே சிக்கினால் மிதவைச் சட்டை போட்டிருந்தும் பிரயோசனமில்லை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியில், "வடத்த மரத்துல கட்டுனாத்தான் உன்ன அனுப்புவேன். கட்டுன எடத்துல நானே நிப்பேன்" என்றேன்.

முத்தாயி அத்தை காதுக்குப் போயிருக்கிறது. கம்பை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மரத்துல கட்டாதீங்க தாரணி. எங்கப்பன் சாகையிலயும் அதத்தான் சொன்னாரு."

"கைய நம்பி எம்புள்ளைய வெள்ளத்துல உடச் சொல்றீங்களாங்க அத்தை?"

"நெறையக் கைய நம்பி உடு. மரம் வேண்டாம்."

"ஏனுங்க வேண்டாம்? காரணத்தச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அத்தை கம்பை ஊன்றி வாசல் பக்கம் திரும்பினார். "பொழுது சாஞ்சு வெளக்கு வெச்சுக்கிட்டு நிக்காத. வெளிச்சத்துலயே எல்லாத்தையும் முடிக்கச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வயசாகிவிட்டது, பழைய பயம் என்று நினைத்தேன். பெற்றவளின் பயத்துக்கு முன்னால் மற்றவர்களின் பயமெல்லாம் எனக்குச் சின்னதாகத்தான் தெரிந்தது.

சொன்னபடி வெளிச்சத்தில் நடக்கவில்லை. பெரிய மனிதர்கள் வந்து பேசிப் போவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கு விடுவதற்கு இருட்டுதான் அழகு என்று பிள்ளைகளும் சொன்னார்கள். அதே மருதமரம், இப்போது இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமன். அக்கரையிலிருந்து வரவழைத்த பரிசல்காரர் வடத்தை மரத்தில் சுற்றி இரட்டை முடிச்சாகப் போட்டார். நான் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அஞ்சலை ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள். பரிசல் சுழன்று சுழன்று நடு ஆற்றுக்குப் போனது. வடம் விறைத்துத் தண்ணீருக்கு மேலே எழுந்தது. நான் முடிச்சுக்குப் பக்கத்தில் மரத்தை ஒட்டி நின்றேன். எனக்கு முன்னால் கரையோரமாக, விளக்கு விட்ட பிறகு இழுப்பதற்காக வரிசை நின்றது.

பின்னால் யாரோ தீப்பந்தம் ஏற்றினார்கள். இளைஞர் மன்றத்துப் பையன்களின் யோசனை, பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று. எண்ணெய்த் துணி எரியும் வாசனை என் பிடரியில் வந்து மோதியது. ஆற்றிலிருந்து அஞ்சலையின் குரல் ஒவ்வொரு பெயராகச் சொல்வது கேட்டது. அப்போது கூட்டத்தில் தகப்பனைத் தவறவிட்ட ஒரு குழந்தை "அப்பா!" என்று கத்தியது.

நான் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைகள் நான் வைத்த இடத்தில் இல்லை.

அந்தக் குழந்தைக் குரல் எனக்குள் எதையோ திறந்துவிட்டது. அதே மரம், ஆனால் இளசாக. முதுகுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பதுபோல நிதானமாக, "அவுத்து உடுடா. அவுத்து உட்டா உம்புள்ள உனக்கு" என்றது. அதற்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் "அப்பா" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. கை முடிச்சுக்குப் போனது. ஒரு தள்ளு, ஒரு சுண்டு.

யாரும் எதையும் வெட்டவில்லை.

வடம் ஓடத் தொடங்கிய பிறகுதான் எனக்கு நான் திரும்பி வந்தேன். என் காலடியில் வடம் மண்ணைக் கீறிக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடியது. விழுந்து பிடித்தேன். தோல் உரிந்தது. அந்த வலி எனக்குப் பழக்கமானது. இருபது வருடத்துக்கு மேலாக என்னோடு இருந்த வலி. "புடிங்க! ஐயோ, புடிங்க! எம்புள்ள போறா!" என்று கத்தினேன். அங்கே நின்றவர்களில் பாதிக்கு மேல் சட்டி கவிழ்த்தவர்கள். வடம் ஓடினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாய்ந்து வந்தார்கள். எனக்கு முன்னாலும் பின்னாலும் கைகளாக விழுந்தன. வடம் நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் வந்தது.

அஞ்சலை நனைந்து நடுங்கிக்கொண்டு கரையேறினாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், அவள் சட்டை முழுக்க என் கை ரத்தம். முடிச்சு சரியாகப் போடவில்லை என்று எல்லோரும் பரிசல்காரர் மேல் பாய்ந்தார்கள். அவர் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். "அவர ஏதும் சொல்லாதீங்க. அவுத்தது நானு" என்றேன். பயத்தில் பிதற்றுகிறேன் என்று என்னைச் சமாதானப்படுத்தினார்கள். முத்தாயி அத்தை மட்டும் வரிசையின் முதலில் நின்றபடி திரும்பி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். என் உள்ளங்கையை விரித்து அவரே தடவிவிட்டார்.

"பாத்தியா?"

"பாத்தனுங்க அத்தை."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"அருவா எங்கழுத்துல இருந்துச்சு தாரணி. எனக்கு அஞ்சு வயசு. ஒருக்காத்தான் அப்பான்னு கத்துனேன்." என் கையை விடாமலே பேசினார். "எங்கப்பன் அதப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த பேசுனதில்ல. சட்டில குடுக்கறப்ப, வடம் ஓடற எடத்துல இருந்து எடுத்துக்கங்கன்னு அப்ப மெசினோட வந்திருந்த டாக்டருகிட்டச் சொல்லிப்போட்டாரு. சாகையிலதான் சொன்னாரு, 'என்ற கைய வாங்குனவங்க அந்த மரத்துகிட்ட நின்னா என்ன பண்ணுவாங்களோ தெரியல முத்தாயி, மரத்துல மட்டும் கட்ட உடாத'ன்னு. முந்தாநேத்து நான் காரணத்தச் சொல்லியிருக்கோணும். அவரச் சாமியா வெச்சிருக்கறீங்க. வாய் வரல."

என் மகள் செத்திருப்பாள் என்று கோபம் வந்தது. அத்தையின் கழுத்தைப் பார்த்ததும் கோபம் வடிந்துவிட்டது.

"ஒண்ணு கேக்கறேன். கேக்கறதுக்கு இத்தன வருசம் ஆளே இல்ல எனக்கு. என்ற வயசுக்குச் சட்டி ஆகாதுன்னுட்டாங்க. நீ பாத்திருக்கற, நீ சொல்லு. அவுக்கறதுக்கு முன்னால எங்கப்பன் சித்த நேரமாச்சும் யோசிச்சாரா?"

"ஏனுங்க அத்தை?"

"அதுல எங்க சித்தப்பன் இருந்தாரு. பாலு குடிக்கற புள்ளைக இருந்துச்சு. யோசிச்சிருந்தா, அந்தக் கல்லுல இருக்கற பேருக முன்னால நான் நிக்கலாம். யோசிக்காம எனக்காக அவுத்துப்போட்டாருன்னா, அத்தன பேரையும் நான் கத்துன ஒரு கத்து கொன்னுபோட்டுது."

எனக்குத் தெரியும். என் விரல்களுக்குத் தெரியும். அந்தக் குழந்தை கூப்பிட்டு முடிப்பதற்குள் முடிச்சு போய்விட்டது. தம்பியின் முகம்கூட அவர் மனதில் வரவில்லை. பிள்ளை மட்டும்தான் இருந்தாள். அதன் பிறகுதான் அவருக்கு உலகம் திரும்பி வந்தது. பாய்ந்து வடத்தைப் பிடித்தார். அதுவும் நிஜம்தான்.

"யோசிச்சாருங்க" என்றேன். "நெம்ப நேரம் யோசிச்சாரு. கையெல்லாம் நடுங்குச்சு."

அத்தை என் மடியில் தலையை வைத்து அழுதார். வடம் நாளில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அவர் போன பிறகு அஞ்சலை உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"எனக்குக் குடுக்கறப்ப முடிச்சையும் சேத்துக் குடும்மா."

"வேண்டாம் கண்ணு. அது உனக்கெதுக்கு? வடம் ஓடறது போதும். இனிமே யாருக்குமே வேண்டாம், சட்டியையே மூடிப்போடலாம்."

"பாதிய வாங்குனதாலதான் உன்ற கையி அவுத்துச்சு. முழுசாத் தெரிஞ்சிருந்தா நீ அந்த மரத்துகிட்டயே போயிருக்க மாட்ட. என்னக் கொல்லப் பாத்தது அந்த நெனப்பில்லம்மா, அதுல வெட்டி உட்ட பாதி. நாளைக்கு என்ற புள்ளைய நான் பரிசல்ல உட்டா?"

என் மகள் சொல்வது சரி என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையாக இல்லை, பயமாக இருந்தது. முழுசாகக் கொடுத்தால் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அத்தையிடம் நான் சொன்ன பொய்யும் தெரிந்துவிடும். அவள் பொய் பொறுக்காத பிள்ளை. சின்ன வயதில் நான் ஊசி வலிக்காது என்று சொன்னதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள்.

கை ஆறியதும் கொடுத்தேன். எங்கேயும் வெட்டவில்லை. தீப்பந்த வாசனை, அந்த நிதானமான குரல், குழந்தையின் கூப்பாடு, முடிச்சு, வடம், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆறு, கடைசியில் அந்த லேசு. அதோடு சேர்த்து என்னுடையதையும் கொடுத்தேன். அதே மரத்தடியில் அத்தனை கைகள் வந்து விழுந்ததையும், வடம் எங்கள் பக்கம் திரும்பி வந்ததையும். கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கவசத்தை எடுத்தபோது அவள் அழவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் என்னை ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த முத்தாயி அத்தை கம்பைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். நான் சொன்னதை அவர் முழுக்க நம்பவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பாத்தியா கண்ணு? நீ பொய் சொல்ல மாட்ட. எங்கப்பன் யோசிச்சாரா?"

அஞ்சலை நாற்காலியை விட்டு இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஆமாங்க அம்மாயி. நெம்ப நேரம் யோசிச்சாரு. கையெல்லாம் நடுங்குச்சுங்க."

அத்தை அவள் வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் அது நடுங்கவில்லை.